தட்டிப் பார்த்தால் தெரியும் தூணின் பலம்

2009 ஆகஸ்ட் 18. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினுக்கு வடக்கே மலஹைட் என்ற ஊரில், கடல் கழிமுகத்தைக் கடக்கும் பழைய ரயில் பாலத்தை ஒரு பொறியாளர் பார்வையிட்டார். பாலத்தடியில் நீரோட்டம் வழக்கம்போல் இல்லை என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். பொறியாளர் தூண்களைப் பார்த்தார். விரிசல் இல்லை, சாய்வு இல்லை, கல் பெயரவில்லை. ரயில்கள் வழக்கம்போல் ஓடின.

மூன்று நாள் கழித்து, 21-ஆம் தேதி மாலை, பாலத்தைக் கடந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலின் ஓட்டுநர், பாலத்தின் ஒரு பகுதி தண்ணீருக்குள் சரிவதைக் கண்டார். ரயில் எப்படியோ அக்கரை சேர்ந்துவிட்டது. நான்காம் எண் தூண் நீருக்குள் போக, சுமார் 20 மீட்டர் நீளத்துக்குப் பாலம் விழுந்தது. தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

அந்தப் பொறியாளர் பார்த்ததில் பிழை இல்லை. கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு இருந்தது தண்ணீருக்கு அடியில். தூண் நின்ற தரையைக் கழிமுகத்து நீரோட்டம் அரித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தை எப்படிச் சோதிப்பது? பூமிக்குள் புதைந்திருக்கும் அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்காமலே அதன் நிலையைச் சொல்ல முடியுமா? முடியும் என்கிறது அதிர்வுச் சோதனை. தூணின் உச்சியில் ஒரு தட்டு தட்டினால், அடியில் உள்ள மண்ணின் சேதி மேலே வந்துவிடுகிறது.

ஆறு செய்யும் வேலை

பாலம் விழுந்தது என்றதும் வண்டிப் பாரம் தாங்காமல் விழுந்திருக்கும் என்றே பலரும் நினைப்போம். ஆற்றுப் பாலங்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. அமெரிக்காவில் விழுந்த பாலங்களின் காரணங்களை வரிசைப்படுத்தும்போது முதலிடத்துக்கு வருவது வெள்ளமும் மண் அரிப்பும்தான். 1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து பத்துப் பேர் இறந்தார்கள். தூணின் அடித்தளத்துக்குக் கீழிருந்த மண்ணை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. நமக்கும் இது புதிதில்லை. 1956 நவம்பர் 23 விடியலுக்கு முன் அரியலூர் அருகே, மருதையாற்று வெள்ளம் அரித்த பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடம் கரைபுரண்டபோது, போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததைப் பலர் நேரிலேயே பார்த்தார்கள்.

ஆறு மண்ணை அரிக்கும் விதம் விசித்திரமானது. ஓடிவரும் நீர் தூணின் முகப்பில் மோதுகிறது. மேலே நீரோட்டம் வேகம், அடியில் மெதுவு. ஆகவே மோதும் அழுத்தமும் மேலே அதிகம், அடியில் குறைவு. இந்த வேறுபாட்டால் மோதிய நீரின் ஒரு பங்கு தூணை ஒட்டிக் கீழ்நோக்கிப் பாய்கிறது. தரையைத் தொட்டதும் சுருண்டு, தூணின் இரு பக்கமும் வளைந்து ஓடும் சுழலாகிறது. மேலிருந்து பார்த்தால் குதிரை லாடத்தின் வடிவம் தெரிவதால் பொறியாளர்கள் இதைக் குதிரைலாடச் சுழல் என்கிறார்கள். இந்தச் சுழல்தான் தூணின் காலடி மணலைக் கிளப்பிக் கொண்டுபோகிறது. வெள்ளம் ஏற ஏறப் பள்ளமும் ஆழமாகிறது.

இதைவிட வியப்பு அடுத்து நடப்பது. வெள்ளம் வடியத் தொடங்கியதும் நீரின் வேகம் குறைகிறது. சுமந்து வந்த மணலையும் வண்டலையும் அதே பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. வெள்ளம் வடிந்தபின் வந்து ஆழம் அளந்தால் படுகை பழைய மட்டத்திலேயே இருக்கும். ஆனால் அது நேற்று விழுந்த பொலபொலப்பான மணல். பல்லாண்டுகளாக இறுகிக் கிடந்த பழைய மண்ணின் பிடிமானம் அதற்கு இல்லை. தடயத்தை ஆறே மூடிவிடுகிறது. முங்கிப் பார்ப்பவரும் அளவுகோல் விடுபவரும் மண் இருக்கிறதா என்றுதான் சொல்ல முடியும். அந்த மண் தூணைப் பிடித்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

பந்தல்காலும் பாலத்தூணும்

பந்தல் போடுகிறவர் காலை ஊன்றி மண்ணைக் கெட்டித்ததும், மேல்முனையைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். கால் விறைப்பாக நின்று சட்டென்று அடங்கினால் ஊன்றியது சரி. சோம்பலாக ஆடினால் குழிக்குள் மண் இறுகவில்லை. குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆற்றுத்தூணிலும் நடப்பது இதே இயற்பியல்தான். பந்தல்காரரின் கை உணர்வதை இங்கே கருவி எண்ணாக்குகிறது.

எந்தப் பொருளுக்கும், தட்டிவிட்டால் தானாக ஆடும் ஒரு வேகம் உண்டு. விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதே அதன் இயல்பு அதிர்வெண், அலகு ஹெர்ட்ஸ். இதைத் தீர்மானிப்பவை இரண்டு: பொருளின் நிறை, அதன் விறைப்பு. நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். விறைப்பு கூடினால் ஆட்டம் வேகமாகும். தூணின் கான்கிரீட்டும், தூண்களின் மேல் பாலத்தைத் தாங்கிக் கிடக்கும் உத்தரமான கர்டரின் இரும்பும் வெள்ளத்தில் கரைந்துபோவதில்லை. நிறை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மாறுவது அடியிலிருக்கும் மண்ணின் பிடி, அதாவது விறைப்பு. ஆகவே ஒரு தூணின் அதிர்வெண் முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தால், முதல் சந்தேகம் அடித்தளத்தின் மேல் விழும்.

இதில் ஒரு கணக்கு உண்டு. அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நல்ல நிலையில் 10 ஹெர்ட்ஸில் ஆடிய தூண் இப்போது 7 ஹெர்ட்ஸில் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 30 சதவீதம்தானே என்று தோன்றும். 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 0.49. விறைப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று பொருள். எண்ணில் சின்னதாகத் தெரியும் சரிவு, மண்ணுக்குள் பெரிய இழப்பாக இருக்கலாம்.

முப்பது கிலோ இரும்பு

இந்த எளிய கருத்தை நாடு முழுவதும் அன்றாடச் சோதனையாக்கியது ஜப்பான். மலைகளிலிருந்து கடலுக்குக் குறுகிய தூரத்தில் பாய்ந்திறங்கும் ஆறுகள், ஆண்டுதோறும் சூறாவளி, இடையிடையே நிலநடுக்கம், ஆற்றுக்கு ஆறு பழைய ரயில் பாலங்கள்: அந்த நாட்டு ரயில்வேக்கு இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தெடுத்த முறைக்கு மோதல் அதிர்வுச் சோதனை என்று பெயர்.

செய்முறை கேட்டால் சிரிப்பு வரும். சுமார் 30 கிலோ எடையுள்ள ஒரு குண்டைப் பாலத்தின் மேலிருந்து கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். ரயில் போகும் திசைக்குக் குறுக்காக அதை இழுத்து ஊசலாட்டித் தூணின் மேற்பகுதியில் மோதவிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கான்கிரீட் தூணை 30 கிலோ இரும்பு என்ன செய்துவிடும்? கண்ணுக்குத் தெரிகிற எதையும் செய்வதில்லை. ஆனால் தூண் நுண்ணளவில் அசைகிறது. தூணில் ஒட்டியிருக்கும் உணர்கருவிகள் அந்த அசைவைப் பிடித்துவிடுகின்றன.

அசைவு அவ்வளவு சிறியது என்பதால் காற்றும் நீரோட்டமும் தூரத்து வண்டிகளும் தருகிற அதிர்வு அதை மறைத்துவிடலாம். அதற்கு அவர்கள் கண்ட வழி, மீண்டும் மீண்டும் மோதவிட்டுப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவது. மோதலுக்குத் தூண் தரும் பதில் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பதால் கூட்டக் கூட்ட வளர்கிறது. காற்றின் ஆட்டம் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் வருவதால் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. மிஞ்சும் அலையை அதிர்வெண் வாரியாகப் பிரித்தால், ஓரிடத்தில் முகடு எழும். அதுதான் அந்தத் தூணின் இயல்பு அதிர்வெண்.

கிடைத்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பயனில்லை. உயரமான தூண் மெதுவாகவும் குட்டைத் தூண் வேகமாகவும் ஆடுவது இயல்பு. 8 ஹெர்ட்ஸ் ஒரு தூணுக்கு நல்ல உடல்நிலை, இன்னொன்றுக்கு அபாயம். ஆகவே அந்தத் தூணுக்கு இருக்க வேண்டிய அளவை முதலில் நிறுவுகிறார்கள். முன்பு நல்ல நிலையில் எடுத்த அளவு இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால், பல நல்ல தூண்களின் பதிவுகளிலிருந்து உயரம், கர்டரின் எடை, அடித்தள வகை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். அளந்த அதிர்வெண்ணை இந்த அளவால் வகுத்து வரும் விகிதமே தூணின் நலக்குறியீடு. அது 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை. 0.85-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் சிறு குறை. 0.70-ஐத் தாண்டி 0.85-க்குள் நின்றால் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். 0.70-உம் அதற்குக் கீழும் போனால் விரிவான ஆய்வும் நடவடிக்கையும் தேவை. அந்தக் கடைசி எல்லை, மேலே பார்த்த கணக்கின்படி விறைப்பு பாதியாகிவிட்ட புள்ளி என்பதைக் கவனிக்கலாம்.

1995 ஜனவரியில் கோபே நகரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, மண்ணுக்குள் இருக்கும் அடித்தளங்களைத் தோண்டாமல் சோதிக்கவும் இந்த முறை கைகொடுத்தது.

கணினிக்குள் ஒரு பாலம்

தட்டியதும் கிடைப்பது ஓர் எண். அது குறைந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. ஏன் குறைந்தது, எங்கே குறைந்தது என்று கேட்டால் எண்ணிடம் பதில் இல்லை. அடிமண் போயிருக்கலாம், தூணின் கான்கிரீட்டில் விரிசல் விட்டிருக்கலாம், ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கலாம். ஆம், தண்ணீர்கூட. நீரில் நிற்கும் தூண் ஆடும்போது தன்னைச் சுற்றியுள்ள நீரையும் சேர்த்தே தள்ளி ஆடுகிறது. அந்த நீரின் நிறை தூணின் நிறையோடு சேர்ந்துகொண்டது போலாகி, அதிர்வெண் இறங்குகிறது. மண் ஒரு பிடிகூடப் போகாமலே எண் குறைந்துவிடும். தலைகீழாகவும் நடக்கலாம். கர்டர் நகர இடம் கொடுக்க வேண்டிய பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டால், தூணும் கர்டரும் ஒன்றாய்க் கட்டப்பட்டது போலாகி விறைப்பு கூடும். ஒரு பழுது இன்னொரு பழுதை மறைத்துவிடும்.

இங்கேதான் கணினி மாதிரி வருகிறது. தூணையும் கர்டரையும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நிறையும் விறைப்பும் கொடுத்து, மண்ணுக்குப் பதிலாகச் சுருள்வில்களை வைத்துக் கணினிக்குள் ஒரு பாலம் கட்டுகிறார்கள். கான்கிரீட்டின் விறைப்பை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லிவிடலாம். வரைபடத்தில் அளவுகள் உண்டு; மாதிரி வெட்டிச் சோதிக்கவும் முடியும். தெரியாத எண் மண்ணின் சுருள்வில்தான். அதன் பலத்தைக் கூட்டியும் குறைத்தும், கணினித் தூணின் ஆட்டம் நிஜத் தூணின் ஆட்டத்தோடு பொருந்தும்வரை மாற்றிக்கொண்டே போகிறார்கள். பொருந்திய கணத்தில், யாரும் தொட்டுப் பார்க்காத ஆற்றடி மண்ணின் விறைப்பு ஓர் எண்ணாகக் கையில் இருக்கிறது.

ஆனால் ஒரே அதிர்வெண்ணைப் பலவிதமான பழுதுகளால் வரவழைக்க முடியும். வில்லைத் தளர்த்தினாலும் 7 ஹெர்ட்ஸ் வரும், கான்கிரீட்டை வலுவிழக்கச் செய்தாலும் 7 ஹெர்ட்ஸ் வரும். அப்போது உதவுவது ஆட்டத்தின் வடிவம். அடிமண் தளர்ந்த தூண், வளையாமல் மொத்தமாக அடியிலிருந்தே சாய்ந்து சாய்ந்து ஆடும். அடி உறுதியாக இருந்து நடுவில் விரிசல் விட்ட தூண், கால் அசையாமல் உடம்பு வளைந்து ஆடும். தூணின் உயரம் நெடுக நாலைந்து இடத்தில் உணர்கருவி வைத்தால் இந்த வேறுபாடு பிடிபடும். எண்ணும் வடிவமும் சேர்ந்து பொருந்தும்போதுதான் மாதிரியை நம்பலாம்.

வேண்டுமென்றே பழுதாக்கிய பாலம்

இதெல்லாம் நிஜப் பாலத்தில் எவ்வளவு தூரம் பலிக்கும்? பழுதடைந்த பாலத்தில் சோதித்தால், பழுதுக்கு முன்பு அது எப்படி இருந்தது என்று தெரியாது. நல்ல பாலத்தைப் பழுதாக்கிப் பார்க்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள். 1990-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் அந்த அபூர்வ வாய்ப்பு கிடைத்தது. பெர்ன் நகரிலிருந்து சூரிச் போகும் நெடுஞ்சாலையின் மேல், கொப்பிகன், உட்சென்ஸ்டார்ஃப் என்ற இரு ஊர்களை இணைத்த சாலை மேம்பாலம் அது. பெயர் இசட் 24. பக்கத்தில் புது ரயில் பாதை வரவிருந்ததால் அதை இடிக்க முடிவாகியிருந்தது. இடிக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் நாங்கள் கொஞ்சம் கெடுத்துப் பார்க்கிறோம் என்று ஆய்வாளர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அவர்கள் முதலில் செய்தது பொறுமையான வேலை. 1997 நவம்பரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு, பாலத்தின் அதிர்வையும் வெப்பநிலையையும் சும்மா பதிவு செய்துகொண்டே இருந்தார்கள். பிறகு 1998-இல் ஒரு தூணை வெட்டி, அடியில் ஹைட்ராலிக் ஜாக்கிகளைக் கொடுத்து, படிப்படியாகக் கீழே இறக்கினார்கள்: 20 மில்லிமீட்டர், 40, 80, கடைசியில் 95. அடித்தளம் அமிழ்ந்தால் என்ன ஆகுமோ அதைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் அதிர்வை அளந்தார்கள். பாலம் ஆடக்கூடிய பல அதிர்வெண்களில் மிகக் குறைந்ததான முதல் அதிர்வெண் சுமார் 3.9 ஹெர்ட்ஸிலிருந்து 3.7 அளவுக்கு இறங்கியது. அதாவது ஆறு சதவீதம் போல.

சோதனை வெற்றி என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் முதல் ஓராண்டுப் பதிவு ஒரு குண்டு போட்டது. பாலத்தை யாரும் தொடாத அந்த மாதங்களில், அதன் முதல் நான்கு அதிர்வெண்களும் 14 முதல் 18 சதவீதம் வரை தாமாகவே மாறியிருந்தன. காரணம் பருவநிலை. குறிப்பாக, குளிர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனதும் பாலத்தின் மேலிருந்த தார்த்தளம் உறைந்து விறைத்து, பாலத்துக்கே விறைப்பைக் கூட்டியது. அதிர்வெண் மளமளவென்று ஏறியது. தூணைக் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் இறக்கியதால் வந்த மாற்றத்தைவிட, ஒரு பனிக்காலம் கொண்டுவந்த மாற்றம் இரண்டு மடங்குக்கு மேல்! குளிர்நாளில் பழுதான பாலம், கோடையில் இருக்கும் நல்ல பாலத்தைவிட நலமாகத் தெரியும்.

ஆய்வாளர்கள் சோர்ந்துவிடவில்லை. வெப்பநிலைக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவை அந்த ஓராண்டுப் பதிவிலிருந்தே கணித மாதிரியாக்கினார்கள். இன்ன வெப்பநிலையில் இந்தப் பாலம் இவ்வளவு ஹெர்ட்ஸில் ஆட வேண்டும் என்று அந்த மாதிரி சொன்னது. அளந்த எண்ணிலிருந்து மாதிரி சொன்ன எண்ணைக் கழித்தபோது, பருவத்தின் ஏற்ற இறக்கம் மறைந்து, தூணை இறக்கியதன் தடம் தனியாகத் தெரிந்தது. இன்றுவரை உலகெங்கும் புதிய கணக்கு முறைகளைச் சோதிப்பவர்கள் இசட் 24 பதிவுகளைத்தான் உரைகல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். பாலம் இடிக்கப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அதிர்வு ஆய்வுக்கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளத்தின் நடுவில்

குண்டு கட்டித் தட்டும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. அரிப்பு உச்சத்தில் இருப்பது வெள்ளம் கரைபுரளும் நேரத்தில். அந்நேரம் பாலத்தின் மேல் ஆளை நிறுத்திக் குண்டை ஊசலாட்ட முடியாது. ஆகவே தட்டாமலே கேட்கும் வழிகள் வளர்கின்றன. தூணின் தலையில் நிரந்தரமாக உணர்கருவியைப் பொருத்திவிட்டால் போதும். காற்றும், ஓடும் ரயிலும், மோதும் வெள்ளமுமே தூணைத் தட்டுகின்றன. முன்பு தொல்லையாகக் கழிக்கப்பட்ட அதே இரைச்சல் இங்கே கருவியாகிறது. நீரின் நிறை, ரயிலின் நிறை ஆகியவற்றின் விளைவைக் கணினி மாதிரி கழித்துக்கொடுக்க, அடித்தளத்தின் நிலையை வெள்ளம் ஓடும்போதே பின்தொடர முடியும். ரயிலை நிறுத்துவதா விடுவதா என்ற முடிவுக்கு அது உதவும்.

இந்தியாவில் ஆற்றுப் பாலங்களின் அடித்தள ஆழத்தை நிர்ணயிக்க, ஜெரால்ட் லேசி என்ற பொறியாளர் வட இந்தியக் கால்வாய்களின் அனுபவத்திலிருந்து 1930-இல் வகுத்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம். அது தரும் சராசரி அரிப்பு ஆழத்தை இரண்டால் பெருக்கித் தூணுக்கான அரிப்பு ஆழமாக எடுத்துக்கொள்வது வழக்கம். மணலாறுகளில் கிணறு வடிவ அடித்தளத்தை இறக்கி அதன்மேல் தூண் எழுப்புவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். கட்டும் நாளில் இது நல்ல காப்பு. ஆனால் அந்தக் கணக்கு ஆறு அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. மணல் அள்ளிப் படுகை தாழ்ந்தாலோ, மேலே அணை கட்டி வண்டல் வராமல் போனாலோ, ஐம்பது ஆண்டுக்கு முன் போட்ட ஆழம் இன்று எவ்வளவு மிச்சம் என்பதைச் சூத்திரம் சொல்லாது. தூணைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்குச் செலவு அதிகமில்லை: ஒரு குண்டு, ஒரு கயிறு, சில உணர்கருவிகள், ஒரு மடிக்கணினி. விலைமதிப்புள்ளது வேறொன்று. அளந்த எண்ணை ஒப்பிட அதே தூணின் பழைய எண் வேண்டும். மலஹைட்டில் அப்படி ஓர் எண் இருந்திருந்தால், அந்த மூன்று நாளில் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது கையில் இருந்திருக்கும். பழுது வந்தபின் எடுக்கும் முதல் அளவு பாதிக் கதைதான் சொல்லும். ஆகவே தூணைத் தட்டிப் பார்க்கச் சரியான நாள், பாலம் திறக்கப்படும் நாள். ரிப்பன் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு தூணையும் ஒருமுறை தட்டி, அதன் அதிர்வெண்ணை வரைபடங்களோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டால், அறுபது ஆண்டு கழித்து ஒரு வெள்ளத்துக்கு மறுநாள் வரப்போகும் பொறியாளருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஏற்கெனவே நிற்கும் பாலங்களுக்கு, அடுத்த மழைக்காலத்துக்கு முந்திய கோடையே அந்த நாள்.